இடமாற்று ஆர்.என்.ஏ.யும் மொழிபெயர்ப்பு என்னும் உருவகமும்

உயிர்க்கலங்களினுள்ளே புரதங்கள் ஆக்கப்படும் முறையை விளக்கப் புகுந்த மேனாட்டறிஞர், தம் துறைக்கு வேண்டிய கலைச்சொற்களைப் பெரும்பாலும் மொழித்துறையிலிருந்தே கடன் கொண்டனர். டீ.என்.ஏ.யில் உள்ள நான்கு வகை நைதரசன் மூலங்கள் எழுத்துகள். மூன்றெழுத்துச் சேர்ந்தது ஒரு சொல். அச்சொற்றொடரைத் தூது ஆர்.என்.ஏ.யாக எழுதிக்கொள்வது பிரதிசெய்தல். அத்தூதின்படி அமினோவமிலங்களைக் கோத்துப் புரதமாக்குவது மொழிபெயர்ப்பு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்த இவ்வுருவகங்கள், உருவகம் என்ற நினைவே அற்றுப்போகுமளவுக்கு இன்று வழக்கில் ஊறிவிட்டன. மொழிபெயர்ப்பு என்றவுடன் மொழிபெயர்ப்பாளன் ஒருவன் வேண்டப்படுகின்றான். அவ்விடத்தில் இடமாற்று ஆர்.என்.ஏ. என்னும் சிறு மூலக்கூறு கொணர்ந்து நிறுத்தப்படுகின்றது. அஃது அப்பட்டத்துக்கு உரியதுதானா என்பதும், அப்பட்டம் அதற்குச் சூட்டப்பட்டமையால் மறைக்கப்பட்டது எது என்பதும் ஆராயத்தக்கன.

பாடநூல் வழக்கில் உள்ள விளக்கம் பின்வருமாறு அமையும். தூது ஆர்.என்.ஏ. இறைபோசோமிற் சென்று பொருந்துகின்றது. அதிலுள்ள மும்மூன்று மூலங்களாலான கோடோன் ஒவ்வொன்றுக்கும் ஏற்ற எதிர்க்கோடோனை ஒரு முனையிலும், உரிய அமினோவமிலத்தை மறுமுனையிலும் தாங்கிய இடமாற்று ஆர்.என்.ஏ. அங்கு வந்து சேர்கின்றது. எதிர்க்கோடோன் கோடோனுடன் இணைய, அமினோவமிலம் வளர்ந்துவரும் சங்கிலியிற் கோக்கப்படுகின்றது. சுமையிழந்த இடமாற்று ஆர்.என்.ஏ. விலகிச் செல்கின்றது. இதிற் பிழையொன்றும் இல்லை. எனினும் 'உரிய' என்னும் ஒரு சொல்லினுள் முழு வினாவும் ஒளிந்து கிடக்கின்றது. உரியது என்று தீர்மானித்தது எது? மாணாக்கரிடம் இதனைக் கேட்பின், எதிர்க்கோடோனே தனக்குரிய அமினோவமிலத்தைத் தெரிந்து பற்றிக்கொள்கின்றது என்னும் விடையே பெரும்பாலும் வரும். அவ்விடை தவறு. அத்தவற்றுக்கு மாணாக்கரை நோதல் முறையன்று. இருமொழியும் அறிந்தவனே மொழிபெயர்ப்பாளன் ஆதலின், அப்பெயர் பெற்ற மூலக்கூறும் இருமொழியும் அறிந்ததாகவே அவர்களாற் கொள்ளப்படுகின்றது.

இவ்வினாவைத் தெளிவாகக் காண்பதற்குத் தமிழிலக்கணப் பாகுபாடு ஒன்று துணைசெய்யும். பெயர்களை இடுகுறி, காரணம் என நன்னூலார் பகுத்தனர். பொருளோடு பெயருக்குள்ள இயைபு புலப்பட நிற்பது காரணப்பெயர். அவ்வியைபு புலப்படாது, முன்னோர் இட்டு வழங்கிய குறியாகவே நிற்பது இடுகுறிப்பெயர். கோடோனுக்கும் அமினோவமிலத்துக்கும் உள்ள தொடர்பு இவ்விரண்டனுள் எவ்வகைத்து என்பதே 1950களில் எழுந்த பெருவினா எனலாம்.

காரணத் தொடர்பே என்றார், பௌதிக அறிஞரான ஜோர்ஜ் கமோவ். வாற்சனும் கிரிக்கும் 1953இல் வெளியிட்ட இரட்டைச் சுருள் அமைப்பைக் கண்ட அவர், மறு ஆண்டே ஒரு கொள்கையை முன்வைத்தார். அச்சுருளின் பக்கங்களில் நான்கு மூலங்களாற் சூழப்பட்ட சாய்சதுர வடிவான குழிகள் உண்டு. அவற்றை வகைப்படுத்தினால் இருபது வகையாகும். புரதத்தில் அமையும் அமினோவமிலங்களும் இருபது வகையே. ஆதலின் ஒவ்வோர் அமினோவமிலமும் தன் வடிவுக்கேற்ற குழியில், பூட்டிற் சாவி போல, நேரே சென்று அமரும் என்பது அவர் துணிபு. எண்ணும் எண்ணும் பொருந்தியமை அறிஞர் பலரை மயக்கியது. ஆயின் இக்கொள்கையின்படி அடுத்தடுத்த சொற்கள் தம்முள் எழுத்துகளைப் பகிர்ந்துகொள்ளல் வேண்டும். அவ்வாறாயின் புரதங்களில் எந்த அமினோவமிலத்தை அடுத்து எது வரலாம் என்பதற்குக் கட்டுப்பாடு இருத்தல் வேண்டும். அறியப்பட்ட புரதத் தொடர்களை ஆராய்ந்த சிட்னி பிரென்னர், அத்தகைய பகிர்வு இயலாதது என 1957இல் நிறுவினார்.

அதற்கு முன்னரே, 1955ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பிரான்சிசு கிரிக் ஒரு குறிப்பை எழுதியிருந்தார். கமோவ் தொடங்கிய 'ஆர்.என்.ஏ. கழுத்துப்பட்டிக் கழகம்' என்னும் நண்பர் குழுவுக்குள் மட்டும் சுற்றுக்கு விடப்பட்டதாகிய அக்குறிப்பு, அக்காலத்தில் எந்த ஆய்விதழிலும் அச்சேறவில்லை. இருபது அமினோவமிலங்களுக்கு ஒருவராக இருபது உறுப்பினர் கொண்ட அக்கழகம், ஓரளவு வேடிக்கைக்காகவே அமைந்தது. ஆயினும் அதனுட் பிறந்த எழுத்துகளுள் இதுவே நிலைபெற்றது. பரிசோதனை யாதும் இன்றி, அட்டவணை யாதும் இன்றி, தருக்கத்தாலேயே நடக்கும் எழுத்து அது. அதன் தருக்கம் முதலில் மறுப்பாகத் தொடங்குகின்றது. வலீன், லியூசீன், ஐசோலியூசீன் என்பன எண்ணெய்த் தன்மையுடைய பக்கக் கூட்டங்களைக் கொண்டவை. தம்முள் மிகச் சிறிதே வேறுபடுபவை. கருவமிலமோ ஐதரசன் பிணைப்புக்கு ஏற்ற முகங்களையே வெளிக்காட்டுவது. ஒன்றுக்கொன்று பற்றற்ற இவ்விரண்டும் நேரே பொருந்துமாறு யாங்ஙனம்? ஆகவே இடையில் ஒரு பொருத்தி வேண்டும் என்றார் கிரிக். சிறப்பான நொதியம் ஒன்று அமினோவமிலத்தை ஒரு சிறு மூலக்கூறுடன் இணைக்கும். அம்மூலக்கூறே ஐதரசன் பிணைப்புகளாற் கருவமில வார்ப்பிற் பொருந்தும். மிக எளிய முறையில், இருபது பொருத்திகளும் இருபது நொதியங்களும் போதும். 'பொருத்திக் கருதுகோள்' என்னும் பெயரை இதற்கு இட்டவர் பிரென்னர்.

இக்குறிப்பைப் போற்றுவோர், இடமாற்று ஆர்.என்.ஏ. கண்டுபிடிக்கப்படுமுன்னரே அதனை முன்னறிந்து கூறியது என்று போற்றுவர். அது உண்மையே; ஆயினும் முழுப் புகழ்ச்சிக்கு இடந்தராத உண்மை. கிரிக் எதிர்பார்த்த பொருத்தி மிகச் சிறியது. மூன்று நியூக்கிளியோதைட்டுகளளவே போதும் எனக் கருதத்தக்கது. கலத்திற் காணப்பட்ட பொருளோ அதனினும் இருபது மடங்குக்கு மேற் பெரியது. அப்பருமனே பின்னர் அவருக்குத் தயக்கத்தையும் தந்தது. அக்குறிப்பின் மெய்யான பெருமை வேறிடத்தில் உள்ளது. பொருத்தி என்று ஒன்றை இடையில் வைத்தமையால், கோடோனுக்கும் அமினோவமிலத்துக்கும் நேரான வடிவப் பொருத்தம் வேண்டியதில்லை என்றாகிவிட்டது. காரணப்பெயரென்று எண்ணப்பட்டதை இடுகுறிப்பெயராக மாற்றியது அவ்வொரு நகர்வு. அவ்வாறு மாற்றியபோது, குறியை இடுவது யார் என்னும் வினாவுக்கும் அக்குறிப்பே விடை தந்திருந்தது: அந்த நொதியங்கள். பிற்காலத்தார் பொருத்தியை எடுத்துக்கொண்டு நொதியத்தைக் கைவிட்டனர் என்பதே இங்குச் சுட்டத்தக்க குறை.

பரிசோதனை வழியிற் சென்றோர் இதே இடத்தை வேறு திசையிலிருந்து வந்தடைந்தனர். பொசுத்தன் நகரில், எலியின் ஈரற் கலங்களை அரைத்தெடுத்த சாற்றிற் புரதத் தொகுப்பை ஆராய்ந்துவந்த போல் சமெக்னிக்கும் மாலன் ஹோக்லண்டும், அமினோவமிலங்கள் முதலில் ஏ.ரீ.பி.யின் துணையால் ஊக்கம் பெறுகின்றன என 1955 அளவிற் கண்டனர். பின்னர்க் கதிர்வீசும் காபன் அடங்கிய லியூசீனை அச்சாற்றில் இட்டபோது, அது புரதத்தை அடைவதற்குமுன் சிறியதோர் ஆர்.என்.ஏ.யுடன் பிணைந்து நிற்பதைக் கண்டு, 1957, 1958ஆம் ஆண்டுகளில் வெளியிட்டனர். இம்முயற்சி கிரிக்கின் குறிப்பை அறியாமலே தொடங்கப்பெற்றது. அவர்கள் அப்பொருளுக்கு இட்ட பெயர் 'கரையும் ஆர்.என்.ஏ.' என்பது. நீரிற் கரைந்து நின்றது என்பதன்றி அப்பெயரில் வேறு செய்தி இல்லை. 'இடமாற்று' என்னும் பெயர் பின்னர் நிலைத்தது. அதுவும் சுமந்து செல்லுதல் என்னும் தொழிலை மட்டுமே கூறுகின்றது. மூன்று பெயர்களுள் கிரிக் குறித்த 'பொருத்தி'யே பொருளாழம் உடையது. வழக்கில் நில்லாது போனதும் அதுவே.

1965இல் றொபேட் ஹொலியும் அவர் குழுவினரும் மதுவத்திலிருந்து பிரித்தெடுத்த அலனீனுக்குரிய இடமாற்று ஆர்.என்.ஏ.யின் முழு எழுத்துத் தொடரையும் வெளியிட்டனர். ஏறத்தாழ 140 கிலோகிராம் மதுவத்திலிருந்து ஒரு கிராம் அளவே தூய பொருள் கிட்டியது என்பது அவர்தம் உழைப்பைக் காட்டும். எழுபதுக்கு மேற்பட்ட நியூக்கிளியோதைட்டுகளைக் கொண்ட அவ்விழை, தன்னுள் மடிந்து மூவிலைக் குளவர் வடிவம் பெறும் எனக் கருதப்பட்டது. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கருவமிலத்தின் தொடரையேனும் எவரும் படித்திருந்ததில்லை. 1974 அளவிற் பளிங்காய்வு செய்த இரு குழுவினர், அம்மூலக்கூறு உண்மையில் வளைந்த முழங்கை போன்ற வடிவினது எனக் காட்டினர். அவ்வடிவத்திற் கவனிக்கத்தக்கது யாதெனின், எதிர்க்கோடோன் ஒரு கோடியிலும் அமினோவமிலம் பிணையும் இடம் மறுகோடியிலும் கிடத்தலேயாம். இடைத்தூரம் ஏறத்தாழ 7.5 நனோமீற்றர். ஒன்றையொன்று தொடவும் இயலாத இவ்விரண்டனுள் ஒன்று மற்றதைத் தெரிந்தெடுத்தல் எவ்வாறு கூடும்?

அமைப்பு அறியப்படுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வினா ஒரு பரிசோதனையால் தீர்க்கப்பட்டிருந்தது. 1962இல் சப்பவில், லிப்மன், பென்சர் முதலியோர் செய்த அப்பரிசோதனை, இத்துறையிற் செய்யப்பட்டவற்றுள் மிகத் தெளிவானது எனலாம். சிசுத்தெயின் என்னும் அமினோவமிலத்தில் ஒரு கந்தக அணு உண்டு. அதனை நீக்கி ஐதரசனை இட்டால் எஞ்சுவது அலனீன். அவர்கள் செய்தது இது: முதலிற் சிசுத்தெயினை அதற்குரிய இடமாற்று ஆர்.என்.ஏ.யில் முறைப்படி ஏற்றச் செய்தனர். பின்னர், அது பிணைந்திருந்த நிலையிலேயே, ரேனி நிக்கல் என்னும் ஊக்கியால் அதன் கந்தகத்தை நீக்கினர். இப்போது சிசுத்தெயினுக்குரிய இடமாற்று ஆர்.என்.ஏ. அலனீனைச் சுமந்து நின்றது. மூட்டையிற் கட்டிய சீட்டு 'அரிசி' என்று சொல்ல, மூட்டையினுள் உழுந்து இருப்பது போன்ற நிலை. யூரசிலும் குவனீனும் கலந்த செயற்கைத் தூதை வைத்து ஈ. கோலி என்னும் பற்றீரியாவின் கலச்சாற்றிற் புரதம் ஆக்கியபோது, சிசுத்தெயின் வரவேண்டிய இடங்களில் அலனீன் வந்து அமர்ந்தது. அடுத்த ஆண்டு முயலின் ஈமோகுளோபினைக் கொண்டு செய்த பரிசோதனையிலும் அவ்வாறே நிகழ்ந்தது. இறைபோசோம் சீட்டைப் படித்தது. மூட்டையை அவிழ்த்துப் பார்க்கவில்லை. சுமந்து வந்த ஆர்.என்.ஏ.யும் தன் சுமை மாறியதை அறியவில்லை.

இதனாற் பெறப்படுவது வெளிப்படை. கோடோன் இன்னது, அமினோவமிலம் இன்னது என்னும் இரு செய்திகளும் சந்திக்கும் ஒரே இடம், சீட்டுக் கட்டப்படும் இடமாகும். அங்கே நிற்பவை அமினோவமிலத்தை ஆர்.என்.ஏ.யில் ஏற்றும் நொதியங்கள். ஒரு பக்கத்தில் இன்ன அமினோவமிலம் எனவும், மறுபக்கத்தில் இன்ன இடமாற்று ஆர்.என்.ஏ. எனவும் தெரிந்து, இரண்டையும் ஏ.ரீ.பி.யின் சத்தியாற் பிணைப்பன அவையே. மொழிபெயர்ப்பாளன் என்னும் பட்டம் எவருக்கேனும் கொடுத்தே தீரவேண்டுமாயின் இந்நொதியங்களுக்கே கொடுத்தல் தகும். இடமாற்று ஆர்.என்.ஏ. மொழிபெயர்ப்பாளன் கையில் இருக்கும் அகராதியின் ஒரு பதிவு.

அந்நொதியங்களின் நுண்மை வியக்கத்தக்கது. ஐசோலியூசீனுக்கும் வலீனுக்கும் உள்ள வேறுபாடு ஒரு காபனும் இரு ஐதரசனும் கொண்ட சிறு கூறு மட்டுமே. சிறியதாகிய வலீன், ஐசோலியூசீனுக்கென அமைந்த குழியினுட் புகுதலை வடிவத்தால் மட்டும் முற்றாகத் தடுத்தல் இயலாது. எனினும் புரதங்களில் ஒன்றுக்குப் பதிலாக மற்றது வந்துவிடுதல் ஏறத்தாழ 3,000க்கு ஒன்று என்ற அளவினது. பால்ட்வின், பேர்க் என்போர் 1966இற் காட்டியவாறு, நொதியம் வலீனைத் தவறாக ஊக்கியபோதும், இடமாற்று ஆர்.என்.ஏ. வந்து சேர்ந்ததும் அப்பிணைப்பைத் தானே உடைத்துத் தள்ளிவிடுகின்றது. அலன் பேர்சிற்று என்பவர் 1977இல் இதனை இரண்டு அரிதட்டுகளுக்கு ஒப்பிட்டார். முதலாம் அரிதட்டு ஐசோலியூசீனினும் பெரியவற்றை விலக்கும்; இரண்டாவது அதனினும் சிறியவற்றை மட்டும் உட்புகவிட்டு அழிக்கும். ஒரே நொதியம் இருமுறை அரிக்கின்றது. இரண்டாம் அரிப்பை ஏவுவதில் இடமாற்று ஆர்.என்.ஏ.க்கும் பங்குண்டு என்பதை மறத்தலாகாது.

இனி, நொதியம் தனக்குரிய இடமாற்று ஆர்.என்.ஏ.யை இனங்காணுமாறு எங்ஙனம்? எதிர்க்கோடோனைப் பார்த்து என்று கூறத் தோன்றும். மெதியோனீன் முதலிய பலவற்றில் அது மெய்யே. ஆனால் அலனீனின் வரலாறு வேறு. ஹூ, சிம்மெல் என்னும் இருவர் 1988இற் கண்டவாறு, அலனீன் நொதியம் பெரிதும் நம்பியிருப்பது அமினோவமிலம் பிணையும் முனைக்கருகே அமைந்த ஒரேயொரு மூலச் சோடியை: மூன்றாம் இடத்துக் குவனீனும் எழுபதாம் இடத்து யூரசிலும் சேர்ந்த சோடி. அச்சோடியைப் பிறிதோர் அமினோவமிலத்துக்குரிய இடமாற்று ஆர்.என்.ஏ.யிற் புகுத்தியபோது, எதிர்க்கோடோன் மாறாதிருக்கவும், அதன்மேல் அலனீன் ஏற்றப்பட்டது. அலனீன் நொதியம் எதிர்க்கோடோனைத் தொடுவதே இல்லை. இறைபோசோம் படிக்கும் சீட்டு ஒன்று. நொதியம் படிக்கும் அடையாளம் வேறொன்று. இரண்டும் ஒரே மூலக்கூறில் எழுதப்பட்டிருத்தலே அவற்றை இணைக்கின்றது. எதிர்க்கோடோன் அமினோவமிலத்தைத் தெரிகின்றது என்னும் விடை தவறு எனப்பட்டதன் முழுப்பொருள் இதுவே.

இம்முடிபுக்கு மாறாகக் கூறத்தக்கன சில உண்டு. ஏற்றப்பட்ட இடமாற்று ஆர்.என்.ஏ.யை இறைபோசோமுக்கு அழைத்துவரும் நீட்சிக் காரணி என்னும் புரதம், சுமையைச் சற்றும் கவனியாததன்று. ஆர்.என்.ஏ.யை இறுகப் பற்றும் இடத்தில் அமினோவமிலத்தை நெகிழவும், முன்னதை நெகிழப் பற்றும் இடத்திற் பின்னதை இறுகவும் பற்றுதலால், உரிய இணைகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவிற் பற்றப்படுகின்றன என உலன்பெக் குழுவினர் 2001இற் காட்டினர். பொருந்தா இணைகள் அவ்வளவிலிருந்து விலகும். பல பற்றீரியாக்களில் குளுத்தமீனுக்குரிய ஏற்றும் நொதியமே இல்லை. அவற்றிற் குளுத்தமீனின் இடமாற்று ஆர்.என்.ஏ.மேல் முதலில் ஏறுவது குளுத்தமிக்கமிலம். ஏறியபின் வேறொரு நொதியம் அதனைக் குளுத்தமீனாக மாற்றும். கிரிக் கணித்த இருபது என்னும் எண்ணும் ஆங்கு நில்லாது. இவை முடிபை நுணுக்கமாக்குகின்றனவே ஒழிய அழிக்கவில்லை. இறைபோசோமின் கூர்மையும் சீட்டைப் பற்றியதாகவே காணப்படுகின்றது. சிதம்பரத்திற் பிறந்தவரும் 2009ஆம் ஆண்டு நோபற் பரிசைப் பகிர்ந்து பெற்றவருமாகிய வெங்கட்ராமன் இராமகிருஷ்ணனும் அவர் குழுவினரும், இறைபோசோமின் சிறு கூறு கோடோனும் எதிர்க்கோடோனும் இணைந்த சோடியின் வடிவத்தைத் தடவிப் பார்த்தே ஏற்கின்றது எனக் காட்டினர். மூன்றாம் எழுத்தில் மட்டும் அச்சோதனை சிறிது தளர்கின்றது. கிரிக் 1966இற் கூறிய தளர்வுக் கருதுகோளும் அவ்விடத்தைப் பற்றியதே.

குறியிடுவது நொதியமாயின், நொதியத்தை மாற்றக் குறியும் மாறல் வேண்டும். 2001இற் பீற்றர் சுல்ற்சு குழுவினர் செய்தது அதுவே. வேறோர் உயிரியிலிருந்து பெற்ற இடமாற்று ஆர்.என்.ஏ.யையும் அதற்கேற்ப மாற்றியமைத்த நொதியத்தையும் ஈ. கோலியினுட் புகுத்தி, இயற்கையிற் புரதத்திற் சேராத ஓர் அமினோவமிலத்தை முற்றுக்குறிக் கோடோன் ஒன்றுக்குப் பொருளாக்கினர். இறைபோசோமில் எம்மாற்றமும் அவர்கள் செய்யவில்லை. இயற்கையும் இவ்வாறு குறிமாற்றம் செய்திருக்கின்றது. மனிதக் கலத்தின் இழைமணிகளில் ஒரு முற்றுக்குறி திரித்தோபனைக் குறிக்கின்றது என்பது 1979இல் அறியப்பட்டது. கண்டிடா என்னும் மதுவ இனங்கள் சிலவற்றில், பிறவிடத்து லியூசீனைக் குறிக்கும் ஒரு கோடோன் சேரீனைக் குறிக்கின்றது. சேரீன் நொதியமும் எதிர்க்கோடோனைப் பாராத இனத்தது என்பதை நோக்குமிடத்து, அம்மாற்றம் எளிதாயிற்று என்பது விளங்கும்.

ஆயின் தொடக்கத்திலும் இக்குறிகள் காரணமின்றியே இடப்பட்டனவா என்னும் வினா தீர்ந்தபாடில்லை. உறைந்துபோன தற்செயல் என்று கிரிக் 1968இற் கருதினார். கார்ல் வூசு போன்றோர், ஆதியில் நேரான வேதியியற் பற்று இருந்திருத்தல் கூடும் என்றனர். ஆய்வுகூடத்தில் ஆர்சினீனைப் பற்றுமாறு தெரிந்தெடுக்கப்பட்ட ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளின் பற்றுமிடங்களில் ஆர்சினீனின் கோடோன்கள் எதிர்பார்த்ததற்கு மிகையாகத் தோன்றுகின்றன என்பது அவர்பக்கத்துக்கு வலிவு தரும். வேறு பல அமினோவமிலங்களுக்கு அத்தகைய சான்று கிட்டவில்லை. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள காரணம் எளிதிற் புலப்பட்டுத் தோன்றாது என்ற அளவிலே தொல்காப்பியர் நிறுத்திக்கொண்டார். இன்றைய உயிரிரசாயனமும், ஆர்சினீன் ஒன்றை நீக்கினால், ஏறத்தாழ அவ்விடத்திலேயே நிற்கின்றது.